இயந்திரத்துக்கு ஒரு தண்ணீர், பிள்ளைக்கு ஒரு தண்ணீர்: ஃபிளின்ட் பற்றிப் பேசுவோம்

#1 தென்றல் (நோவி, மிச்சிகன்)

நேற்று எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் ஒருவர், "ஃபிளின்ட் நகரத்தில் நடந்தது நிர்வாகக் கோளாறு, அதில் போய் நிறவெறியைத் தேடுவது அரசியல்" என்று எழுதினார். பத்து பேர் கைதட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபிளின்ட் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட்டில் அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள், பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். பல ஆண்டுகளாக டெட்ராய்ட்டிலிருந்து ஹூரான் ஏரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து தண்ணீரில் கலந்தது. மக்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டங்களில் காட்டினார்கள். "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்பதே பதில்.

இப்போது இரண்டு தேதிகளைப் பாருங்கள். 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், இந்தத் தண்ணீர் எங்கள் இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்றது. அந்தத் தொழிற்சாலைக்குச் சீக்கிரமே வேறு தண்ணீர் கிடைத்தது. மக்களுக்கு டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது 2015 அக்டோபரில். நடுவில் ஒரு முழு ஆண்டு. அந்த ஒரு ஆண்டுக்கு நிறவெறி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

#2 முத்துக்குமார் (கொலம்பஸ், ஒஹாயோ)

தென்றல், நடந்தது பெரிய அநியாயம் என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. நான் இருபது ஆண்டுகளாகக் குடிநீர்த் திட்டங்களில் வேலை செய்யும் சிவில் இன்ஜினியர். அந்தச் செய்திகளைப் படித்தபோது வயிறு எரிந்தது. ஆனால் காரணத்தைத் தப்பாகச் சொன்னால் வைத்தியமும் தப்பாகப் போகும்.

அந்த மாற்றம் நடந்தபோது நகரத்தை நடத்திய அவசரகால மேலாளர் (காசில்லாத நகரத்தை நடத்த மாநில அரசு நியமிக்கும் அதிகாரி) டார்னெல் எர்லி, அவரே கறுப்பினத்தவர். பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளையர்கள். முதலில் போராடி உண்மையை வெளியே கொண்டுவந்த லீயான் வால்டர்ஸ் என்ற தாயும் வெள்ளைக்காரர்தான். மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம் 2017-இல் "அமைப்பு சார்ந்த நிறவெறி" என்று அறிக்கை கொடுத்ததே என்பீர்கள். அதே அறிக்கை, முடிவெடுத்தவர்கள் நிறவெறியர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை என்றும் சொல்கிறது.

கையில் காசில்லாத நகரம், கணக்கு மட்டும் பார்த்த மேலாளர், சட்டத்தைத் தப்பாகப் படித்த மாநில அதிகாரிகள். நான் பார்ப்பது இதைத்தான்.

#3 இளங்கோ (சென்னை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு அடிப்படைச் சந்தேகம். எங்கள் பாட்டி ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பார். அதுவும் இதுவும் ஒன்றா? அங்கே குழாயிலேயே ஈயம் என்றால் ஏன் முன்பெல்லாம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை? கொதிக்க வைத்துக் குடிக்கக் கூடாதா?

#4 ரேவதி (நியூ ஜெர்சி)

இளங்கோ தம்பி, நல்ல கேள்வி. பாட்டியின் ரசச் சொம்பு வெள்ளீயம். இது காரீயம், வேறு உலோகம். இப்போது நல்ல வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு, வாங்கும்போது கவனம்.

குழாய் விஷயம் இப்படி. தெருவில் ஓடும் பெரிய குழாய் இரும்பு. அங்கிருந்து வீட்டுக்கு வரும் சின்ன இணைப்புக் குழாய்தான் பல பழைய ஊர்களில் காரீயம். வளையும், உடையாது என்பதால் போட்டார்கள். 1986-இல்தான் அமெரிக்கா முழுக்கத் தடை வந்தது. தண்ணீரில் கொஞ்சம் ஆர்த்தோபாஸ்பேட் கலந்தால் குழாயின் உள்பக்கம் மெல்லிய படலம் படியும். தண்ணீருக்கும் ஈயத்துக்கும் நடுவே அதுதான் தடுப்பு. டெட்ராய்ட் தண்ணீரில் அது இருந்தது. ஃபிளின்ட் ஆற்றிலோ குளோரைடு பல மடங்கு அதிகம், பாஸ்பேட்டையும் போடவில்லை. படலம் உரிந்து போனது.

அதோடு முடியவில்லை. இரும்புக் குழாயும் அரித்தது. அந்தத் துரு கிருமியைக் கொல்லும் குளோரினைத் தின்றுவிட்டது. 2014 கோடையில் கிருமி வந்தது, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார்கள். குளோரினைக் கூட்டினார்கள், அதனால் வேறு நச்சுப் பொருள் அளவை மீறியது. இதே காலத்தில் லீஜியோனெல்லா நிமோனியா பரவி ஏறத்தாழ 90 பேர் படுத்தார்கள், குறைந்தது 12 பேர் இறந்தார்கள்.

கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகி ஈயம் இன்னும் செறிவாகும். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. குழாய்த் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அதன் முழுச் சாப்பாடும் அந்தத் தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. மூளையில் ஏற்படும் பாதிப்பு திரும்பாது.

#5 தென்றல்

நன்றி ரேவதி அக்கா.

முத்துக்குமார் சார், எர்லி கறுப்பினத்தவர் என்பது உண்மை. ஆனால் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? ஃபிளின்ட் மக்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. ஆளுநர் ரிக் ஸ்னைடர் நியமித்தார். அவசரகால மேலாளர் சட்டத்தை 2012 நவம்பரில் மாநில மக்களே வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் வேறு எண்ணில் அதையே திரும்பக் கொண்டுவந்தது, இந்த முறை மக்கள் வாக்கெடுப்புக்கு வழியே இல்லாமல். டெட்ராய்ட், ஃபிளின்ட், பாண்டியாக், பென்டன் ஹார்பர் என்று வரிசையாக மேலாளர்கள் போனார்கள். ஒரு கட்டத்தில் மிச்சிகன் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தாங்கள் தேர்ந்தெடுக்காத மேலாளரின் கீழ் இருந்தார்கள். வெள்ளையர்களில் அது மிகச் சொற்பம்.

2015 மார்ச்சில் ஃபிளின்ட் நகர மன்றம் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும் என்று 7-1 என்று வாக்களித்தது. அப்போதிருந்த மேலாளர் ஜெரி ஆம்ப்ரோஸ் அதை ஏற்கவில்லை. ஓட்டுரிமை காகிதத்தில் இருந்தது, குழாயைத் திறக்கும் சாவி வேறு கையில் இருந்தது.

#6 முத்துக்குமார்

மேலாளர் சட்டம் மோசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த 7-1 வாக்கை மதித்திருந்தால் பல பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். இதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் ஆலன் பார்க் வெள்ளையர் ஊர், அங்கேயும் மேலாளர் வந்தார். காசில்லாத ஊருக்குத்தான் மேலாளர். எங்கள் ஒஹாயோவில் செப்ரிங் என்ற சின்ன ஊர். பெரும்பாலும் வெள்ளையர்கள். 2015 கோடையிலேயே தண்ணீரில் ஈயம் இருப்பது தெரிந்தும், மக்களுக்குச் சொன்னது 2016 ஜனவரியில். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அங்கேயும் அம்மாக்கள் அழுதார்கள். அவர்களுக்கு நான் என்ன பெயர் சொல்லுவது? ஏழைகள் என்றால் யாரும் மதிப்பதில்லை. நிறத்துக்கு முன்னால் வர்க்கம் நிற்கிறது என்பதே என் வாதம்.

#7 ஜெயந்தி (சிகாகோ)

நான் வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதத் தோன்றியது.

சிகாகோவில்தான் நாட்டிலேயே அதிகமான ஈய இணைப்புகள், ஏறத்தாழ 4 லட்சம். 1986 வரை ஈயக் குழாய்தான் போட வேண்டும் என்று நகர விதியே இருந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு 1920-களில் கட்டியது. மகள் பிறந்தபோது அடித்தளத்தில் இறங்கி, தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து வரும் குழாயைச் சாவியால் லேசாகச் சுரண்டினேன். வெள்ளி மாதிரிப் பளபளத்தது. காந்தம் ஒட்டவில்லை. இரும்பாக இருந்தால் ஒட்டும், செம்பாக இருந்தால் செப்புக் காசு நிறம் தெரியும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நூறு வருடமாக எல்லோரும் இதைத்தான் குடிக்கிறார்கள்" என்றார்.

எங்களுக்கு ஃபில்டர் வாங்க வசதி இருந்தது, அடுத்த ஆண்டு வீடும் மாற்றினோம். மாடியில் இருந்த கறுப்பினக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இது வர்க்கமா நிறமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் போக முடிந்தது, அவர்களால் முடியவில்லை. அது மட்டும் தெரியும்.

#8 தென்றல்

ஜெயந்தி, எழுதியதற்கு நன்றி. எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

2016 ஜனவரியில் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஃபிளின்ட்டுக்குத் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோனோம். வடக்குப் பக்கம் ஒரு வீடு. எழுபது வயது கறுப்பினப் பாட்டி, இரண்டு பேரப் பிள்ளைகள். சமையலறைக் குழாயின் கைப்பிடியில் ஒரு சிவப்புக் கைக்குட்டையைக் கட்டி வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று. அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது, பக்கத்தில் காலிப் பாட்டில்கள். கழுவ இரண்டு, ஊற வைக்க மூன்று, வேக வைக்க ஐந்து என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து தண்ணீர் பில்லை எடுத்துக் காட்டினார். அந்தத் தண்ணீருக்கு அவர் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தார், அதுவும் நாட்டிலேயே மிக உயர்ந்த கட்டணங்களில் ஒன்று. 2017-இல் பாக்கி வைத்த 8000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு, கட்டாவிட்டால் வீட்டின் மேல் கடன் ஏறும் என்று நோட்டீஸ் போனது.

முத்துக்குமார் சார், செப்ரிங் மக்களின் கண்ணீரை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் ஃபிளின்ட்டில் அதிகாரிகள் தெரியாமல் இருக்கவில்லை. 2015 ஜனவரியில் ஃபிளின்ட்டிலிருந்த மாநில அரசு அலுவலகத்துக்குத் தனியாகக் குடிநீர்க் கேன் வைத்தார்கள். அதே மாநிலம் அந்த ஆண்டு ஜூலையில், ஈயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னது. சோதனைக்கு எடுத்த 71 மாதிரிகளில் இரண்டைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். அதில் ஒன்று வால்டர்ஸ் வீட்டு மாதிரி. அதன் பிறகுதான் நகரத்தின் அளவு எச்சரிக்கை வரம்பான 15 பிபிபிக்குக் (நூறு கோடிப் பங்கில் 15 பங்கு) கீழே போனது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழு அதே வீட்டில் எடுத்த ஒரு மாதிரியில் 13,200 பிபிபி இருந்தது.

டாக்டர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை எண்களோடு வந்து நின்றார். ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. அவரையும் முதலில் மறுத்தார்கள். இன்ஜின் சொன்னதை நம்பியவர்கள் அம்மாக்கள் சொன்னதை நம்பவில்லை.

#9 முத்துக்குமார்

அந்தக் கைக்குட்டை கண்ணிலேயே நிற்கிறது.

ஆனாலும் கேட்கிறேன். நியூ ஜெர்சியிலுள்ள நியூவர்க்கில் மேயர் ராஸ் பராக்கா கறுப்பினத்தவர், மக்கள் தேர்ந்தெடுத்தவர். அங்கேயும் 2018-இல் நகராட்சி, எங்கள் தண்ணீர் முழுக்கப் பாதுகாப்பானது என்றுதான் சொன்னது. சாவி மக்கள் கையில் இருந்தும் மறுப்பு வந்ததே? பிறகு மாறியது எப்படி? கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) 12 கோடி டாலர் கடன் பத்திரம் போட்டது. வீட்டுக்காரர் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் குழாயை மாற்ற நகரம் சட்டம் போட்டது, ஏனென்றால் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். மூன்றே ஆண்டுக்குள் ஏறத்தாழ 23,000 இணைப்புகள், குடியிருப்பவருக்கு ஒரு பைசா செலவில்லாமல். இதைச் செய்தது பணமும் சட்டமும். பெயர் வைப்பதில் நாம் செலவிடும் நேரத்தில் குழாய் தோண்டலாம் என்பதே என் ஆதங்கம்.

#10 ரேவதி

தம்பி, நான் நியூவர்க் பக்கம்தான் இருக்கிறேன். அங்கேயும் பணம் தானாக வரவில்லை. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் வழக்குப் போட்டார்கள், தெருவில் நின்றார்கள். அந்த நகரத்துக்கு ஏன் காசில்லாமல் போனது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஃபிளின்ட்டில் 1960-இல் ஏறத்தாழ 2 லட்சம் மக்கள். அதற்கு முன்பே, 1930-களில், கறுப்பினத்தவர் வாழும் தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்துக் கடன் கொடுக்கக் கூடாத இடம் என்று ஒதுக்கியிருந்தார்கள். பல குடியிருப்புகளில் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். பின்னால் வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், ஆலைகளும் போயின. வரியும் கூடவே போனது. மக்கள் தொகை பாதியானது. ஆனால் மண்ணுக்கடியில் குழாய் 2 லட்சம் பேருக்குப் போட்டது அப்படியே இருக்கிறது.

இங்கேதான் என் வேதியியல் வருகிறது. பெரிய குழாயில் கொஞ்சம் பேருக்குத் தண்ணீர் ஓடினால் அது நாள்கணக்கில் தேங்கும். தேங்கினால் குளோரின் போகும், ஈயம் கூடுதலாகக் கரையும். காலி வீடுகள் நடுவே இருக்கும் வீட்டுக்கு வருவது தெருவிலேயே பழசாகிப்போன தண்ணீர். யார் எந்தத் தெருவில் வீடு வாங்கலாம் என்று அன்று போட்ட கோடு இன்று சோதனைக் குழாயில் தெரிகிறது. இதில் வர்க்கத்தை நிறத்திலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்?

#11 முத்துக்குமார்

தண்ணீர் தேங்கும் கணக்கை நானே எத்தனையோ ஊர்களுக்குப் போட்டிருக்கிறேன். வீடுகள் ஏன் காலியாயின என்று அந்தக் கணக்கில் ஒரு நாளும் கேட்டதில்லை. இது எனக்குப் புதிது, யோசிக்கிறேன் அக்கா.

செப்ரிங்கை மட்டும் விட மாட்டேன். இந்த வாதத்தில் அந்தப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். ஃபிளின்ட்டில் வழக்குப் போட்டவர்களுக்கு 62 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு ஒப்பந்தமானது. ஸ்னைடர் மேல் போட்ட குற்ற வழக்கு விசாரணைக்கே வராமல் தள்ளுபடியானது. அடுத்த ஊரிலும் இப்படி ஆனால் யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள், கறுப்பின ஊரானாலும் வெள்ளையர் ஊரானாலும்.

தென்றல், அந்தப் பாட்டி வீட்டுக் குழாயை மாற்றிவிட்டார்களா?

#12 தென்றல்

மாற்றினார்கள் சார். 2017-இல் போட்ட ஒப்பந்தப்படி மூன்று ஆண்டில் முடிய வேண்டிய வேலை, நகரம் முழுக்க முடிய 2025 வரை இழுத்தது. அவர் தெருவில் கொஞ்சம் முன்பே தோண்டினார்கள். செம்புக் குழாய் போட்டு, முற்றத்தில் மண்ணை மூடிவிட்டுப் போனார்கள். புல் மட்டும் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

போன வருடம் போய்ப் பார்த்தேன். கைக்குட்டை இல்லை. குளிக்கிறார், பாத்திரம் கழுவுகிறார். எனக்கு டீ போட மட்டும் பாட்டிலைத்தான் திறந்தார்.