புதுப்பிப்பு: அம்பாசடருக்கு மின்சார வாட்டர் பம்ப்

வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றாலே என் அம்பாசடர் கொதிக்கிறது, மின்சார வாட்டர் பம்ப் மாட்டலாமா என்று சித்திரையில் கேட்டிருந்தேன். மாட்டியாயிற்று.

பழைய பம்பை முழுதாகக் கழற்ற வழியில்லை. விசிறியும் பெல்ட்டும் அதன் தண்டில்தான் சுற்றுகின்றன. சத்துவாச்சாரி மெக்கானிக் அண்ணன் உள்ளிருந்த இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) மட்டும் எடுத்தார். துருவேறி, கடித்துப்போட்ட முறுக்கு மாதிரி இருந்தது. "இதை வைத்துக்கொண்டா தம்பி எஞ்சினைத் திட்டினீர்கள்?" என்றார். உண்மைதான், புது இம்பெல்லரே போதுமாக இருந்திருக்கலாம்.

இப்போது எஞ்சின் மெதுவாக ஓடினாலும் தண்ணீரின் வேகம் குறைவதில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டேன். வெப்பமானி முள் பாதியைத் தாண்டவில்லை. மேலே வண்டியை அணைத்த பிறகும் பம்ப் 2 நிமிடம் முனகியது. பயம் ஒன்றுதான்: ஃபியூஸ் போனால் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதற்கொரு சிவப்பு விளக்கு அடுத்த வாரம்.