பள்ளி மூடிக் கிடக்கும் நாட்களில் சின்னப் பிள்ளைகளின் மனசை யார் பார்த்துக்கொள்வது?

மயூர்விஹார் அம்மா – நவம்பர் 22, 2024

வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. 14ஆம் தேதி ராத்திரி, டெல்லியில் காற்று மோசமாகிவிட்டதால் ஐந்தாம் வகுப்பு வரை நேரடி வகுப்பு கிடையாது என்று அறிவிப்பு வந்தது. 18ஆம் தேதி, காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் காற்றுத் தரக் குறியீடு 494க்குப் போனது. பெரிய பிள்ளைகளுக்கும் ஆன்லைன் என்றாகிவிட்டது. ஒரு வாரம் தாண்டிவிட்டது. காலை எட்டரைக்கு ஆரம்பித்து நாற்பது நிமிஷ வகுப்பு நான்கு. அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் பயிற்சித் தாள்கள்.

படிப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முந்தாநாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அம்மா, நான் மதுரையில மத்தாப்பு கொளுத்தினதாலதான் ஸ்கூலை மூடிட்டாங்களா?" தீபாவளிக்குத் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தோம். ஆன்லைன் வகுப்பில் பட்டாசுப் புகை பற்றி ஒரு படம் காட்டினார்களாம். அதிலிருந்து மூன்று நாளாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். ஒரு நாள் பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, பள்ளியில் டிபன் நேரம் அதுதான், தானே டப்பாவைத் திறந்து, போனுக்கு எதிரே சாய்த்துக் காட்டி, பக்கத்தில் உட்காரும் தோழியின் பெயரைச் சொல்லி, "இன்னிக்கு எனக்கு எலுமிச்சை சாதம்" என்றாள். மைக் எல்லாருக்கும் அணைத்து வைத்திருந்தது. அந்தக் குழந்தைக்குக் கேட்கவே இல்லை. இவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

இது மாதிரி சமயத்தில் தொடக்கப் பள்ளிகள் என்ன செய்யலாம்? நான் பள்ளியிடம் எதைக் கேட்கலாம்? வருஷா வருஷம் நவம்பரில் இதே கதைதான், அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்.கே.புரம் டீச்சர் – நவம்பர் 23

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் பத்தொன்பது வருஷமாக டெல்லியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன்.

முதலில் மத்தாப்பு. இந்த வயதுப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி நடக்கிற கெட்டதற்கெல்லாம் தாங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். "அப்படியெல்லாம் இல்லடா" என்று ஒரு வரியில் சொன்னால் போகாது. அடுப்படிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும், ஆவி மேலே போகிறதைக் காட்டுங்கள். மூடியைப் போடுங்கள், ஆவி உள்ளேயே சுற்றும். டெல்லிக்குக் குளிர்காலத்தில் இப்படித்தான் ஒரு மூடி விழுந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும், காற்று வீசாது. வண்டிப் புகை, ஆலைப் புகை, கட்டட வேலைத் தூசி, பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிக்கிற புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. மதுரைப் புகை இங்கே வரவில்லை என்பதை மேப்பில் விரலால் அளந்து காட்டுங்கள். என் வகுப்பில் இதைச் செய்திருக்கிறேன். ஒரு பெண் பெருமூச்சு விட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது பள்ளி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடினார்கள். சின்ன வகுப்புகளை 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திரும்பக் கூப்பிட்டார்கள், இரண்டு வாரம்கூட ஆகவில்லை, காற்றுக்காக மறுபடி மூட வேண்டியதாயிற்று. நர்சரி முதல் எட்டு வரை நிலையாகத் திறந்தது 2022 பிப்ரவரி 14இல். அந்த இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. பிள்ளைக்குத் தன் டீச்சர் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். பயிற்சித் தாளால் அது தெரியாது.

அப்போது என் வகுப்பில் 38 பேர். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்குப் போன் செய்தேன், எட்டு நாளில் ஒரு சுற்று முடியும். பிள்ளையிடம்தான் பேசுவேன், அம்மா அப்பாவிடம் அல்ல. வீட்டுப்பாடம் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். காலையில் என்ன சாப்பிட்டாய், ஜன்னலில் நின்றால் என்ன தெரிகிறது, இவ்வளவுதான். ஒரு பையன் மூன்று சுற்று வரைக்கும் வாயே திறக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். நானும் விடாமல் எங்கள் வீட்டுத் துளசிச் செடியைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். நாலாவது தடவை அவனே, "மிஸ், எங்க வீட்டுல ட்யூப் லைட் பின்னாடி பல்லி முட்டை போட்டிருக்கு" என்றான். அதற்கப்புறம் போன் எடுத்ததுமே பல்லிச் செய்திதான். பள்ளி திறந்ததும் முதல் நாள் ஓடி வந்து சொன்னது, குஞ்சு வெளியே வந்த கதை. பாட்டி சொல்லி, அவன் வீட்டில் யாரிடமும் பேசாமல் இருந்த மாதங்கள் அவை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்கக் கூடியவை: டிபன் நேரத்தில் பத்து நிமிஷம் எல்லா மைக்கையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். டீச்சர் பாடம் எதுவும் எடுக்க வேண்டாம், அவரும் தன் டப்பாவோடு உட்கார்ந்தால் போதும். சத்தம் கூச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அடுத்தது நேரம். நான்கு வகுப்பு ஏழு வயதுக்கு அதிகம். 2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போதைய கல்வி அமைச்சகம்) ஆன்லைன் வகுப்புகளுக்காகத் தந்த 'பிரக்யதா' வழிகாட்டுதலிலேயே, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம் என்றுதான் இருக்கிறது. சண்டை போட வேண்டாம், அதை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

வெளியே விட முடியாது என்பதால் உடம்பு அசையாமல் போகக் கூடாது. ஹாலில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டுக் கொடுங்கள். நானே ஆன்லைனில் நொண்டி அடித்துக் காட்டியிருக்கிறேன்.

மாலைநேர அண்ணா – நவம்பர் 26

டீச்சர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் போன் இல்லாத வீடுகளையும் கொஞ்சம் பாருங்கள். திரிலோக்புரியில் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் ஒரே போன், அது அம்மாவோடு காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடும். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. இவர்களுக்குப் பள்ளி மூடினால் மத்தியானச் சோறும் மூடிவிடும். நேற்று உச்ச நீதிமன்றமே இதைத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறது: நிறையப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போய்விட்டது, ஆன்லைன் வசதி இல்லை, வீட்டில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி இல்லாதபோது வீட்டில் இருப்பதற்கும் பள்ளியில் இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்று. கொரோனா காலத்தில் சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாக அரிசி, பருப்பாவது வீட்டுக்குத் தந்தார்கள். இந்தத் தடவை என் பிள்ளைகள் கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. நானும் என் மனைவியும் ஒரு குண்டான் தக்காளி சாதம் கிளறிப் பகலில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வயிறு நிறைந்த பிறகுதான் அந்தப் பையன்கள் பேசவே ஆரம்பித்தார்கள். பசித்த பிள்ளையிடம் மனநலம் பற்றி என்னத்தைப் பேசுவது?

நொய்டா சித்தி – நவம்பர் 26

வயிற்று வலி, திடீரென்று படுக்கையை நனைப்பது, அம்மாவை விட்டு நகர மறுப்பது, இவை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலிமானஸ், 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம். மாணவர்களின் மனநலத்துக்காகக் கல்வி அமைச்சகம் நடத்தும் மனோதர்பண் உதவி எண் 8448440632. என் அக்கா பையனுக்காக 14416இல் நானே பேசியிருக்கிறேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

மயூர்விஹார் அம்மா – நவம்பர் 28

எல்லாருக்கும் நன்றி. பாத்திர மூடி வித்தையை அன்றைக்கே செய்தேன். மேப்பில் மதுரையிலிருந்து டெல்லிக்கு அவள் சாண் போட்டுப் பார்த்தாள். "அவ்ளோ தூரம் மத்தாப்புப் புகை நடந்து வராது" என்று அவளே முடிவு சொல்லிவிட்டாள்.

வகுப்பு டீச்சரிடம் டிபன் நேர மைக் பற்றிக் கேட்டேன். முதலில் தயங்கினார், திங்கட்கிழமை சம்மதித்தார். ஒரே இரைச்சல். யாரோ ஒரு பையன் பராத்தாவைக் கேமராவில் ஒட்டியே வைத்துவிட்டான். என் மகள் தோழியிடம் டப்பாவைக் காட்டினாள், அந்தப் பெண் தன்னுடையதைக் காட்டியது, ராஜ்மா. இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இப்போது விரும்பினால் நேரில் அனுப்பலாம் என்று வந்திருக்கிறது. இருமல் இருப்பதால் திங்கள்வரை வைத்துக்கொள்கிறேன். அண்ணா, சனிக்கிழமை பகலில் திரிலோக்புரிக்கு நானும் வருகிறேன். எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.