பறவைத் தொட்டிக்கு சோலார் நீரூற்று: எதை வாங்கலாம்?

கோவையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், வேப்ப மரத்தடியில் பறவைகளுக்காக ஒரு மண் தொட்டி வைத்திருக்கிறோம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளிக்கும். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு வருகிறதே என்று மிதக்கும் சோலார் நீரூற்று ஒன்றைப் போட்டேன். பேனல் அதிலேயே இருப்பதால் நிழல் விழுந்ததும் நின்றுவிடுகிறது. வெயில் வந்தால் ஓரத்துக்கு நகர்ந்து தண்ணீரையெல்லாம் வெளியே பீய்ச்சிவிடுகிறது. தொட்டியை வெயிலுக்கு மாற்ற மனமில்லை. கொதிக்கிற தண்ணீரில் எந்தக் குருவி இறங்கும்?

பேனலைத் தனியாக மொட்டை மாடியில் வைத்து ஒயர் இழுக்கும் வகையை யாராவது பயன்படுத்துகிறீர்களா? ஒயர் நீளமானால் வேகம் குறையுமா? தொட்டியின் ஆழம் 2 அங்குலம்தான், அதில் மூழ்கும் பம்பாக இருக்க வேண்டும். அப்புறம், எங்களுடையது போர்வெல் தண்ணீர். உப்பு படிந்து முனை அடைத்துக்கொள்கிறது. வினிகரில் ஊறவைப்பது தவிர வேறு வழி உண்டா?