துப்பாக்கிக்கு மறுபூச்சு: பிளாஸ்டிங் கட்டாயமா, எமரித்தாள் போதுமா?

கொல்லன்பட்டறை: பழைய ரைஃபிள். குழல், ரிசீவர் (குழல் பொருந்தும் நடு உடல்) இரண்டும் கார்பன் ஸ்டீல். புளூயிங் (எஃகின் கருநீல மேற்பூச்சு) திட்டுத்திட்டாகப் போய் மேலாகத் துரு பிடித்திருக்கிறது. சூட்டில் இறுகும் செராமிக் பூச்சு அடிக்கப் போகிறேன். பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை அடித்துச் சொரசொரப்பாக்குவது, கட்டாயமா, கையால் எமரித்தாள் தேய்த்தால் போதுமா?

மெருகுக்காரன்: தாராளமாகப் போதும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு முழுவதும் பிரித்துவிடுங்கள். வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் தேய்த்தால் பழைய புளூயிங்கும் மேல்துருவும் போகும். சமையல் சோடா கரைசலில் கழுவி உடனே உலர்த்துங்கள். பிறகு 220, அடுத்து 320 எண் தாள் (எண் கூடக்கூட நயமான தாள்). தாளுக்குப் பின்னால் கட்டாயம் கட்டை வேண்டும். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் திருகுத் துளையின் வாய் குழிந்துவிடும், விளிம்புகள் மழுங்கிவிடும்.

உலைமுகம்: புளூயிங் போடுவதென்றால் நீங்கள் சொல்வது சரி, இன்னும் 400, 600 வரைகூடப் போகலாம். செராமிக் பூச்சுக்கு அந்த வழவழப்பே எதிரி. பூச்சு பிடிப்பதற்கு நுண்ணிய பள்ளமேடு வேண்டும். அதற்குப் பிளாஸ்டிங்தான்: 100 கிரிட் (துகள் அளவு) அலுமினியம் ஆக்சைடு, 80 முதல் 100 பிஎஸ்ஐ காற்றழுத்தம். பளபளப்பு எங்கும் மிஞ்சாமல் மேற்பரப்பு ஒரே சீராகச் சாம்பல் நிறத்துக்கு வர வேண்டும். துகளாகக் கண்ணாடி மணி போடாதீர்கள். அது உலோகத்தை வெட்டாது, தட்டி அமுக்கும். ஆற்று மணலை நினைத்தே பார்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும்.

மெருகுக்காரன்: வீட்டில் எத்தனை பேரிடம் அந்த அழுத்தத்தைத் தொடர்ந்து தரும் கம்ப்ரசர் இருக்கிறது? பூச்சு உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய்தான். பிளாஸ்டிங் செய்துவிட்டு வெறுங்கையால் தொட்டவன் பூச்சும் உரியும்.

உலைமுகம்: எண்ணெய் விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. முதலில் அசிட்டோனில் ஊறவிட வேண்டும். பிறகு ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். குழலும் ரிசீவரும் சேரும் மரையிலும் பின் துளைகளிலும் ஒளிந்திருக்கும் எண்ணெய் அப்போதுதான் கசியும். ஈரக் கறை தெரிந்தால் மறுபடி அசிட்டோன், மறுபடி சூடு. இதெல்லாம் முடிந்த பிறகே பிளாஸ்டிங். முன்பே செய்தால் எண்ணெயைத் துகளோடு சேர்த்து உலோகத்துக்குள் அடித்து ஏற்றுவீர்கள். சமையல் ஓவனை இதற்குத் தொடவே கூடாது. அசிட்டோன் முழுக்க ஆவியாகும் முன் எந்தச் சூட்டிலும் வைக்காதீர்கள், குப்பென்று பற்றும்.

பாதுகாப்புப்பூட்டு: இடையில் ஒன்று. வினிகருக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடினப்படுத்திய ஸ்பிரிங், சியர் (விசை இழுக்கும் வரை சுத்தியைப் பிடித்து வைக்கும் கொக்கி) போன்ற பாகங்களுக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, பாரம் ஏறும்போதுதான் உடையும். ஸ்பிரிங்குகளை எந்த அமிலத்திலும் போட வேண்டாம். குழலின் இரு முனைக்கும் சேம்பருக்கும் (தோட்டா அமரும் அறை) சிலிக்கோன் அடைப்பு போடுங்கள். வரிசை எண்ணின் மேல் தாளும் போகக் கூடாது, பிளாஸ்டிங் முனையும் நிற்கக் கூடாது. அது மங்கினால் பல நாடுகளில் குற்றம்.

கொல்லன்பட்டறை: துரு ஆழமாகக் குழித்த இடங்களுக்கு?

மெருகுக்காரன்: அங்கே உலைமுகம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தாள் மேட்டைத்தான் தொடும், குழியின் அடியில் துரு அப்படியே இருக்கும். ஆனால் சேம்பருக்கு மேலே குழி விழுந்திருந்தால் தேய்த்து மறைக்காதீர்கள். அந்த இடத்தில் சுவர் மெலிந்தால் ஆபத்து, துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்க்கட்டும். குழி இல்லாத ரிசீவர் பக்கவாட்டுக்குத் தாள் போதும், 220இலேயே நிறுத்தலாம்.

உலைமுகம்: 220இல் நிறுத்தினால் கையில் அடிக்கடி உரசாத பாகத்துக்கு ஓடும். போல்ட் (சேம்பரை மூடும் நகரும் பாகம்), உறையில் உரசும் விளிம்பு, இவற்றில் தாங்காது. முக்கியமானது நேரம்: பிளாஸ்டிங் செய்த எஃகு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மெல்லிய ஆரஞ்சுத் துரு காட்டும். நைட்ரைல் கையுறை, எண்ணெயும் நீரும் வடிகட்டிய காற்றால் ஊதல், கம்பிக் கொக்கியில் தொங்கவிடல், அதே நாளில் பூச்சு. மேற்பரப்பைத் துணியால் துடைக்காதீர்கள், அந்தப் பள்ளமேட்டில் நூல் சிக்கிப் பூச்சுக்கடியில் மாட்டிக்கொள்ளும்.

கொல்லன்பட்டறை: கம்ப்ரசரை வாடகைக்கு எடுக்கிறேன். ரிசீவரும் குழலும் பிளாஸ்டிங். ட்ரிகர் கார்டுக்கு (விசையைச் சுற்றிய வளையம்) 220.

மெருகுக்காரன்: ட்ரிகர் கார்டு அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். அலுமினியமானால் சோப்புநீரால் கழுவி உலர்த்துங்கள், காரம் கலந்த கிளீனர் வேண்டாம், அது உலோகத்தையே அரிக்கும்.