நோட்டரி முத்திரை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது: உங்கள் அனுபவம்?

எங்கள் சித்தப்பா ஊர்ப்பக்கம் மூன்று சென்ட் மனை வாங்கினார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டு மனையை ஒப்படைத்துவிட்டேன்" என்று எழுதி, விற்றவர் கையெழுத்து, இரண்டு சாட்சி, கடைசிப் பக்கத்தில் நோட்டரியின் (கையெழுத்துக்குச் சான்று தரும் அரசு அங்கீகாரம் பெற்றவர்) வட்ட முத்திரை. பார்க்க எந்தக் குறையும் தெரியாது. பட்டா மாற்றப் போனபோதுதான் கிரயப் பத்திரம், அதாவது பதிவான விற்பனைப் பத்திரம், எங்கே என்று கேட்டார்கள். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்த்தால் மனை விற்றவர் பேரிலேயே இருந்தது. அதற்குள் அவர் இறந்தும் போயிருந்தார்.

1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மனையை விற்றால் சார்பதிவாளரிடம் பதிந்தே ஆக வேண்டும். நோட்டரி சான்று சொல்வது, இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதைத்தான். மனை அவருடையதுதானா என்று நோட்டரி தோண்டிப் பார்ப்பதில்லை. தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் வெறும் பவர் பத்திரத்தை வைத்து வாங்கினாலும் உரிமை வராது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் ஊரில் இன்னும் இப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள், அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

நல்லவேளை, விற்றவரின் பிள்ளைகள் நியாயமானவர்கள். வாரிசுச் சான்றிதழோடு வந்து கிரயம் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய வழிகாட்டி மதிப்புக்கு (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று சித்தப்பாதான் கட்டினார்.

— — —

அண்ணா, எனக்கு நேர்மாறான அனுபவம். நடக்க முடியாத மாமனாரிடம் வீட்டிலேயே பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நோட்டரியிடம் போனோம். "ஆள் வராமல் முத்திரை வைக்க மாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் மாமனாரைக் காரில் கூட்டிப் போனதும் நோட்டரியே இறங்கி வந்து, ஆதாரில் இருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதில் என்ன எழுதியிருக்கு, தெரியுமாங்க ஐயா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கையெழுத்தும் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் வாங்கினார். அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

— — —

கல்யாணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தோழி கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, நோட்டரி முன்னால் ஒப்பந்தம் போட்டாலே பதிவு ஆகிவிட்டது என்று நம்பியிருந்தாள். விசாவுக்குக் கொடுத்தபோது ஏற்கவில்லை. நோட்டரிகள் திருமண அதிகாரிகள் அல்ல, திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ போடக் கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கோயில் ரசீதோடு சார்பதிவாளரிடம் பதிந்து சான்றிதழ் வாங்கினாள், விசாவும் கிடைத்தது.