பவுடர் கோட்டிங் உரிய மாட்டேன் என்கிறது: அப்பாவின் எஃகு சைக்கிள், மகனின் அலுமினிய சைக்கிள்

சிங்கப்பூர், ஈசூனிலிருந்து கேள்வி

வணக்கம். வீட்டில் இரண்டு சைக்கிள் ஃபிரேம் இருக்கின்றன. ஒன்று அப்பாவுடையது, 1979ல் வாங்கியது, எஃகுக் குழாய். செம்பவாங் கப்பல் பட்டறைக்குப் பல வருடம் அதில்தான் போய் வந்தார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் மூலம் அதற்குக் கறுப்பு பவுடர் கோட்டிங் (தூளைத் தூவிச் சூட்டில் இறுக்கும் பூச்சு) போட்டோம். இப்போது பெடல் அச்சுக்குக் கீழேயும் பின்சக்கரம் மாட்டும் இடத்திலும் கோட்டிங் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், உள்ளே செம்பழுப்பாகத் துருத்தூள். அப்பாவுக்கு வயது 78. பழைய பச்சை நிறத்தில் அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்.

மற்றது மகனுடையது. அலுமினியம், நிறம் மட்டும் மாற்ற வேண்டும். சரி, இரண்டையும் ஒரே நேரத்தில் உரித்துவிடலாம் என்று இறங்கினேன்.

புளோக் கீழே இருக்கும் ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் ரிமூவர் ஜெல் வாங்கினேன். டப்பாவில் எழுதியிருந்தபடி 20 நிமிடம் விட்டுச் சுரண்டினேன். கறுப்பின் பளபளப்பு போனதே தவிர ஒரு செதில்கூட வரவில்லை. அப்புறம் 80ஆம் எண் உப்புத்தாள் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்தேன். உள்ளங்கை அகலம்தான் வெளுத்தது. தூள் சன்னல் வழியே போய்க் கீழ்வீட்டுக்காரர் கம்பில் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பில் விழுந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேட்டு, துவைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நண்பர் ஒருவர் காஸ்டிக் சோடா கரைத்து இரண்டையும் ஊறவை என்கிறார். செய்யலாமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?

பிடோக்கிலிருந்து பதில்

தம்பி, முதலில் அந்த காஸ்டிக் சோடாவை மூடி வையுங்கள். அலுமினியத்தை அது தின்றுவிடும். பெயிண்ட் மட்டுமல்ல, உலோகமே கரையும், கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், கரைசல் தானாகச் சூடேறும். ஃபிரேம் பார்க்க முழுசாக இருக்கும், ஆனால் குழாயின் கனம் எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மகன் ஏறி ஓட்டும் சைக்கிள் அது. எஃகை காஸ்டிக் சோடா அப்படி அரிக்காது என்றாலும், தோலிலோ கண்ணிலோ பட்டால் புண்ணாக்கும் பொருளைக் குளியலறையில் வாளிக்கணக்கில் வைத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். காந்தம் எதில் ஒட்டுகிறது? பஞ்சில் தின்னர் நனைத்து அரை நிமிடம் தேய்த்தால் நிறம் பஞ்சில் ஏறுகிறதா? உடைந்த ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய ஏடாக இருக்கிறதா, பிளாஸ்டிக் ஓடுபோல் தடிமனாக இருக்கிறதா?

ஈசூன்

காந்தம் அப்பா சைக்கிளில் ஒட்டுகிறது, மகனுடையதில் இல்லை. தின்னர் பஞ்சு இரண்டிலும் வெள்ளையாகவே இருக்கிறது. உடைந்த ஓரம் ஓடு மாதிரிதான், நகம் தட்டுகிறது. இன்னொன்றும் கண்டேன் அண்ணே. குழாய்கள் சேரும் மூட்டின் இடுக்கில், கறுப்புக்கு அடியில் நூல் அளவுக்குப் பழைய பச்சை தெரிகிறது.

தோ பாயோவிலிருந்து பதில்

கோட்டிங் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பச்சை நூல்தான் உங்கள் கொப்புளத்துக்குக் காரணம். பழைய பெயிண்டையும் துருவையும் முழுக்க எடுக்காமல், மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு பவுடர் அடித்திருக்கிறார்கள். பவுடர் உலோகத்தைப் பிடிக்கவில்லை, பழைய பெயிண்டைப் பிடித்திருக்கிறது. ஓரிடத்தில் விரிசல் விட்டால் போதும், ஈரம் உள்ளே போய் அடியிலேயே பரவும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். துருவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பஞ்சில் நிறம் ஏறவில்லை, ஓரம் ஓடுபோல் இருக்கிறது என்றால் இரண்டிலும் இருப்பது பவுடர்தான். ஜெல் ஏன் வேலை செய்யவில்லை என்றால், சாதாரண பெயிண்டும் பவுடரும் ஒரே பொருள் இல்லை. பவுடரை மின்னேற்றம் கொடுத்துத் தூவி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைப்போம். அது உருகி ஓடி, அப்புறம் வலைபோல் பின்னிக்கொண்டு இறுகும். பின்னிய பிறகு எந்தக் கரைப்பானிலும் கரையாது. கனமும் கூடுதல், 60 முதல் 100 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். ஸ்ட்ரிப்பர், அதாவது உங்கள் ரிமூவர் ஜெல், அதைக் கரைப்பதில்லை. ஊடுருவி உள்ளே போய் அதை ஊதவைக்கும். ஊதினால் உலோகத்தைப் பிடித்த பிடி விடும். அதற்கு வழியும் வேண்டும், நேரமும் வேண்டும். நீங்கள் இரண்டையும் கொடுக்கவில்லை.

வழி கொடுப்பது எப்படி என்றால், 60ஆம் எண் தாளால் பளபளப்பு முழுவதும் போகும்வரை கீறுங்கள். நீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் வாங்குங்கள், தூள் பறக்காது. பிறகு ஜெல்லை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனாகப் பூசுங்கள். பிரஷ் ஒரே பக்கமாகப் போக வேண்டும். பூசிய இடத்தில் மறுபடி இழுத்தால் மேலே படியும் ஆடை கிழிந்து கரைப்பான் ஆவியாகிவிடும். உடனே சமையலறை கிளிங் ரேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, இரவு முழுவதும் விடுங்கள். பென்சைல் ஆல்கஹால் வகை ஜெல்லுக்கு 12 மணி நேரம்கூட ஆகும்.

காலையில் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் தெரியும். பால் ஆடை சுருங்குவதுபோல் கறுப்பு சுருங்கி நிற்கும். பிளாஸ்டிக் சுரண்டியை ஓரத்தில் கொடுத்துத் தள்ளினால் வாழைப்பட்டைபோல் நீளமாக வரும். வராத இடத்தில் பலத்தைக் காட்டாதீர்கள், அங்கே இரண்டாவது பூச்சுக் கொடுங்கள். மூட்டு இடுக்குகளுக்குப் பித்தளைக் கம்பி பிரஷ்.

தொடங்குமுன் பெடல் அச்சுத் தொகுதி, முன்பக்க பேரிங் கிண்ணங்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பழைய ஆங்கிலேய மரை என்றால் செயின் பக்கத்துக் கிண்ணம் இடம்புரி மரை, கடிகாரச் சுற்றில்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கி மரையை அழித்தவர்கள் நிறையப் பேர்.

உட்லண்ட்ஸ்

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) போட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடுமே?

தோ பாயோ

எஃகில் வரும், ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால். ஆனால் கருகும் பவுடரின் புகையை வீட்டுக்குள் யாரும் சுவாசிக்கக் கூடாது, அடியில் பழைய பெயிண்ட் இருக்கும்போது கூடவே கூடாது. அலுமினியத்தில் வேண்டவே வேண்டாம். பட்டறையில் அதற்கு வலு ஏற்றுவதே 160, 175 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்துத்தான். ஹீட் கன் 500 டிகிரியைத் தாண்டும். ஏற்றிய வலு அந்தச் சூட்டில் இறங்கிவிடும்.

சுவா சூ காங்கிலிருந்து பதில்

வேலையிடப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவள் நான். எல்லோரும் ஃபிரேமைப் பற்றிப் பேசுகிறோம், உரிப்பவரைப் பற்றியும் பேசுவோம்.

தம்பி, டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு, டைகுளோரோமீத்தேன் என்று இருந்தால் அதை மறுபடி திறக்காதீர்கள். பவுடரை உரிப்பதில் அதுதான் மிகவும் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. ஆவி காற்றைவிடக் கனம், சின்ன அறையில் தரையோடு தேங்கும். வெளிநாடுகளில் குளியல் தொட்டியின் பெயிண்டை இதைக் கொண்டு உரித்த தொழிலாளர்கள் அந்தக் குளியலறையிலேயே இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019ல் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். என்95 முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. மெல்லிய நைட்ரைல் கையுறையை இந்தத் திரவம் சில நிமிடங்களில் கடந்துவிடும்.

பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவானது, ஆனால் வீட்டில் செய்ய அதுதான் தேவலை. அதற்கும் தடித்த கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். சன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும். சின்னப் பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள்.

1979 பச்சை என்றீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். மூட்டு இடுக்கில் இருக்கும் அந்த நூலளவுப் பச்சையை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஈரமாகவே எடுங்கள். தூளைப் பெருக்க வேண்டாம், நனைத்த துணியால் துடைத்துத் துணியையும் எறிந்துவிடுங்கள்.

இடத்துக்கு வருவோம். பொதுத் தாழ்வாரத்தில் விரிக்காதீர்கள். 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தவிர, அது அண்டைவீட்டாரும் மூச்சு விடும் இடம். துணி காயவைக்கும் பின்கட்டில் தரை முழுக்க பிளாஸ்டிக் விரித்துச் செய்யுங்கள். சுரண்டிய கசடைப் பழைய செய்தித்தாளில் பரப்பி, முழுக்கக் காய்ந்ததும் இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். கழுவிய முதல் நீரைக்கூட மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. அதைத்தான் நாம் குடிக்கிறோம். ஃபிரேமை முதலில் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டால் கழுவ வேண்டியதே கொஞ்சம்தான்.

ஈசூன்

அக்கா, பார்த்தேன். பென்சைல் ஆல்கஹால்தான். மனசு நிம்மதி.

காக்கி புக்கிட்டிலிருந்து பதில்

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் மணல் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை வீசி உரிப்பது) செய்யும் பட்டறைக்குக் கொடுக்கலாம். ஆனால் மெல்லிய சைக்கிள் குழாய் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். கேட் கம்பிக்கு அடிக்கும் கரடுமுரடான மணலை இதற்கும் அடித்தால் குழாயில் குழி விழும். கண்ணாடி மணிபோல் மென்மையானதைக் கேளுங்கள், மரைகளை அடைத்துக் கொடுங்கள்.

மகனுடைய ஃபிரேமை எதற்கு உரிக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கொப்புளம் இல்லை, துரு இல்லை. நன்றாகப் பிடித்திருக்கும் பவுடரைவிட நல்ல அடித்தளம் உங்களுக்குக் கிடைக்காது. 320ஆம் எண் தாளால் பளபளப்பை மட்டும் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, அதன்மேலேயே பெயிண்ட் அடியுங்கள்.

ஈசூன், அடுத்த திங்கட்கிழமை

நடந்ததைச் சொல்கிறேன். மகனுடையதை உரிக்கவில்லை. நீங்கள் சொன்னபடி தேய்த்து வைத்திருக்கிறேன்.

அப்பாவுடையதை வெள்ளிக்கிழமை இரவு பூசிச் சுற்றி வைத்தேன். காலை ஆறு மணிக்குப் பிரித்தால் மேல் குழாயின் கறுப்பு முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. முதல் பட்டை ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே வந்தது. மூட்டுகளுக்கு இரண்டாவது பூச்சு தேவைப்பட்டது, ஞாயிறு மதியம்தான் முடிந்தது.

ஒரு தவறு செய்துவிட்டேன். ஞாயிறு இரவு களைப்பில் ஃபிரேமை அப்படியே வெறும் உலோகமாக மாட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் மேல் குழாயில் என் ஐந்து விரலும் துருவாகப் பதிந்திருக்கிறது. பெடல் அச்சுக்குக் கீழே ஊசி முனையளவில் ஏழெட்டுக் குழிகளும் இருக்கின்றன. கெட்டுவிட்டதா?

தோ பாயோ

கெடவில்லை. வியர்வையின் உப்பு, அவ்வளவுதான். மெல்லிய தாளால் தேய்த்தால் போய்விடும். குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, துடைத்துக் காயவையுங்கள். ஆணி முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போகாமல் திடமாக இருந்தால் ஓட்டலாம். மூட்டுகளில் முடிபோல் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இருந்தால் பெயிண்ட் அடிக்காதீர்கள், வெல்டரிடம் காட்டுங்கள்.

இன்று கையுறை போட்டே தொடுங்கள். தேய்த்த அதே நாளில் எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க வேண்டும், நாளைக்கு என்று வைக்காதீர்கள். மழை வரும் நாளாக இருந்தால் தேய்ப்பதையே தள்ளிப் போடுங்கள். வண்ணம் காய்ந்து முடிந்த பிறகு குழாய்களின் உட்புறத்திலும் துரு தடுப்பு எண்ணெய் தெளித்துவிடுங்கள். உள்ளிருந்து வரும் துரு வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஈசூன்

இன்று விடுப்பு எடுத்துவிட்டேன். குத்திப் பார்த்தேன், திடமாக இருக்கிறது. விரிசல் இல்லை. மாலை நான்கு மணிக்குள் பிரைமர் இரண்டு பூச்சு முடிந்தது.

பிரைமர் அடிக்கும் முன் அப்பா வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெடல் அச்சுக்குக் கீழே, கறுப்புக்குள் இத்தனை வருடம் மறைந்திருந்த ஃபிரேம் எண் இப்போது தெளிவாகத் தெரிகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக விரலால் தடவி வாய்விட்டுப் படித்தார். அந்த எழுத்துகளின் பள்ளம் மூடாத அளவுக்கு அங்கே பிரைமரை மெல்லிசாக அடித்திருக்கிறேன். இடுக்கிலிருந்து விழுந்த பச்சைச் செதில் ஒன்றைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் போகிறேன், அப்பாவும் வருகிறார். அதைப் பார்த்து அதே பச்சையைக் கலந்து தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.