கண்ணாடி மாற்றியபின் சாஷ் ஜன்னல் நிற்கவில்லை: எத்தனை கிலோ குண்டு?

கேள்வி: லண்டனில் விக்டோரியா காலத்து வீடு. மேலும் கீழும் நகரும் இரண்டு சட்டங்கள் கொண்ட மர சாஷ் ஜன்னல். ஒவ்வொரு சட்டத்தின் எடையையும், இருபக்கப் பெட்டிகளுக்குள் கயிற்றில் தொங்கும் இரண்டு இரும்புக் குண்டுகள் சமன் செய்யும். 4 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியை எடுத்து, 4 மி.மீ. கண்ணாடி இரண்டு கொண்ட இரட்டைக் கண்ணாடி போட்டோம். இப்போது கீழ்ச்சட்டத்தைத் தூக்கிவிட்டால் தடாலென்று இறங்குகிறது. பழைய குண்டுகள் தலா 5 கிலோ.

பதில் 1: சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு, கண்ணாடி 2.5 கிலோ. ஆக சதுர மீட்டருக்கு 10 கிலோ இருந்தது 20 ஆகிவிட்டது. ஆனாலும் கணக்கை நம்பி வாங்காதீங்க. பெயின்ட் அடித்து முடித்த சட்டத்தைத் தராசில் வையுங்க. 17.5 கிலோ என்றால் கீழ்ச்சட்டத்துக்கு இரு குண்டும் சேர்ந்து 17 போதும். மேல்சட்டத்துக்கு இது நேர்மாறு: குண்டுகள் சட்டத்தைவிட அரை கிலோ கூடுதலாக இருக்கணும். அப்போதுதான் இரண்டும் மூடியே நிற்கும்.

பதில் 2: அண்ணா சொல்வது சரி. ஆனால் 8.5 கிலோ இரும்புக் குண்டு நீளமாக இருக்கும். சட்டத்தை முழுக்கத் தூக்குமுன்பே பெட்டியின் அடியில் முட்டி நின்றுவிடும். ஈயக் குண்டு வாங்குங்க, அதே அளவில் ஒன்றரை மடங்கு எடை. பெட்டியின் உள் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்க. பழைய கயிற்றை மறுபடி கட்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: பெட்டியே இல்லாத ஜன்னலும் ஒன்று இருக்கு.

பதில் 1: அதுக்கு ஸ்பைரல் பேலன்ஸ், அதாவது குண்டுக்குப் பதில் சட்டத்தைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங். சட்டத்தின் எடை, உயரம், ஓடும் தூரம் மூன்றையும் கொடுத்துக் கேளுங்க.